உடன்படாமைக்கு உடன்படுதல்
(ஓர் ஆங்கில மரபுத்தொடரின் பொருளும் பிறப்பும்)



ஒவ்வொரு மொழிக்கும் மரபுத்தொடர்கள் உண்டு. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பொருள் கொள்ளல் ஆகாது. 'கண்ணும் கருத்துமாய்' என்றும், 'கயிறு திரித்தல்' என்றும் நாம் கூறும்போது கண்ணையோ கயிற்றையோ யாரும் தேடுவதில்லை. நம் பிள்ளைகள் தமிழோடு தேசிய மொழியையும் ஆங்கிலத்தையும் கற்கின்றனர். ஆங்கில மரபுத்தொடர்களுள் சில, மனிதர் எவ்வாறு கூடி வாழ்வது என்பதையே கற்பிப்பன. அத்தகைய தொடர் ஒன்றன் பொருளையும் பிறப்பையும் பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

அத்தொடர் 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்பதாகும்.

சொற்பொருள்

'அக்ரீ' என்றால் உடன்படுதல். 'டிஸ்அக்ரீ' என்றால் உடன்படாதிருத்தல். ஆங்கிலத்தில் 'டிஸ்' என்னும் முன்னொட்டுச் சொல்லின் தலையில் வந்து அமர்ந்து, அச்சொல்லின் பொருளை மறுதலைப்படுத்துகிறது. தமிழிலோ மறுப்பு, சொல்லின் உள்ளேயே புகுந்து நிற்கும். 'உடன்படுதல்' என்பது 'உடன்படாமை' ஆகிறது. 'அறிதல்' என்பது 'அறியாமை' ஆகிறது. ஆதலின் இத்தொடரை நாம் 'உடன்படாமைக்கு உடன்படுதல்' என்று மொழிபெயர்க்கலாம்.

முதற்கண் கேட்போர்க்கு இது வியப்பாக இருக்கும். உடன்படாத இருவர் எவ்வாறு உடன்பட இயலும்? முரண்போலத் தோன்றும் இவ்விடத்தில்தான் தொடரின் அழகு உள்ளது. இருவரும் ஒரு பொருளைக் குறித்துப் பேசுகின்றனர். ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்கவில்லை. எவ்வளவு பேசினும் முடிவு வராது என்று இருவருமே உணர்கின்றனர். அப்போது, 'உம் கருத்து உம்மோடு இருக்கட்டும். எம் கருத்து எம்மோடு இருக்கட்டும். நம் நட்பு நம் இருவரோடும் இருக்கட்டும்' என்று பேச்சை அவ்வளவில் நிறுத்திக்கொள்கின்றனர். கருத்தில் அவர்கள் வேறு. அக்கருத்தைப் பகையாக்குவதில்லை என்னும் முடிவில் அவர்கள் ஒன்று.

இதனைச் சமரசம் என்று எண்ணிவிடலாகாது. சமரசத்தில் இருவரும் தத்தம் கருத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பர். பத்து வெள்ளி கேட்டவரும் ஆறு வெள்ளி தருவேன் என்றவரும் எட்டு வெள்ளிக்கு இணங்கினால் அது சமரசம். உடன்படாமைக்கு உடன்படுவோர் கருத்தில் ஒரு சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. அவர்கள் விட்டுவிடுவது சினத்தை மட்டுமே.

பிறந்த கதை

இத்தொடரை உலகறியச் செய்த பெருமை பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த இருவரைச் சாரும். ஒருவர் ஜான் வெஸ்லி (1703–1791). மற்றவர் ஜார்ஜ் விட்ஃபீல்டு (1714–1770). இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நண்பரானவர்கள். கிறித்துவ சமயத் தொண்டர்கள். கோயிற் கட்டடங்களுக்குள் வராத சுரங்கத் தொழிலாளரையும் ஏழை எளியோரையும் தேடிச் சென்று, திறந்த வெளியில் நின்று அவர்கள் பேசினர். அவ்வியக்கமே 'மெதடிஸ்ட்' என்று பெயர் பெற்றது. நம் டத்தோ கிராமாட் சாலை வழியே மேலும் சென்றால் வருவது ஆயர் ஈத்தாம் சாலை. அங்குள்ள மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியின் வரலாறு 1891-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அப்பெயரின் வேர் வெஸ்லியிடமே சென்று சேர்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளலாம்.

இத்தகைய நண்பரிடையே 1739-ஆம் ஆண்டு வாக்கில் பெரும் கருத்து வேற்றுமை எழுந்தது. இறையருள் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர்க்கே உரியதா, விரும்பி வருவோர் எல்லார்க்கும் உரியதா என்பதே வினா. சிலர்க்கே என்றார் விட்ஃபீல்டு. எல்லார்க்கும் என்றார் வெஸ்லி. ஒருவர் சொற்பொழிவை அச்சிட்டார். மற்றவர் மறுப்பு மடல் எழுதி அச்சிட்டார். இருவரையும் பின்பற்றியோர் இரு பிரிவாயினர். ஆண்டுகள் சில கழிந்தபின் இருவரும் மீண்டும் நட்புப் பூண்டனர். ஆனால் அவ்வினாவில் இருவருமே தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1750-ஆம் ஆண்டில் விட்ஃபீல்டு எழுதிய மடல் ஒன்றில் இத்தொடர் காணப்படுகிறது. அமைதியாக வாழ விரும்புவோர் உடன்உழைப்போருடன் பலவற்றில் உடன்படாமைக்கு உடன்பட்டாக வேண்டும் என்பது அம்மடலின் கருத்து.

1770-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விட்ஃபீல்டு அமெரிக்காவில் காலமானார். தமக்கு இரங்கலுரை ஆற்ற வேண்டியவர் வெஸ்லியே என்று அவர் முன்னரே விரும்பியிருந்தார். தம்முடன் வழக்காடியவரையே தம் நினைவுரைக்கு அழைத்த உள்ளத்தை எண்ணிப் பாருங்கள்! அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் இலண்டனில் வெஸ்லி அவ்வுரையை ஆற்றினார். அடிப்படையல்லாத கொள்கைகளில் நாம் உடன்படாமைக்கு உடன்படலாம் என்று அவ்வுரையில் கூறினார். உரை அச்சாகிப் பலர் கைக்குச் சென்றது. தொடரும் உடன் பரவியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1785-இல் தம் தம்பி சார்லஸ் வெஸ்லிக்கு எழுதிய மடலில், இது விட்ஃபீல்டு வழக்கமாகச் சொல்வது என்று வெஸ்லியே குறித்துள்ளார். தம்மை மறுத்தவரின் சொல்லை அவர் பெயராலேயே நினைவுகூர்ந்தமை போற்றத்தக்கது.

உறவான பிற தொடர்கள்

கருத்து வேற்றுமையைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு தொடர்களும் உள. 'பெக் டு டிஃபர்' என்பது, 'பணிவுடன் மாறுபடுகிறேன்' என்னும் பொருளது; பெரியோர் அவையில் மறுத்துப் பேசுவோர்க்கு ஏற்றது. 'போன் ஆஃப் கன்டென்ஷன்' என்பது சண்டைக்குக் காரணமான பொருளைக் குறிக்கும். இரு நாய்களுக்கு இடையே கிடக்கும் ஓர் எலும்பு அதன் உவமை. 'அட் டாகர்ஸ் டிரான்' என்பது, உறையிலிருந்து கத்தியை உருவி நிற்கும் கடும்பகையைக் குறிக்கும். நாம் 'கீரியும் பாம்பும்போல' என்கின்ற இடம் அதுவே.

இவற்றை ஒரு படிக்கட்டாகக் கொள்ளுங்கள். பணிவுடன் மாறுபடுதல் முதற்படி. உருவிய கத்தி கடைசிப் படி. இடையில் நின்று, மேலும் ஏறாதவாறு தடுக்கும் கைப்பிடியே நாம் பயிலும் தொடர்.

தமிழர் கண்ட நெறி

இந்நெறி ஆங்கிலேயர்க்கே உரியது என்று எண்ண வேண்டா. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதை விழாவறை காதை. புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை முரசறைவோன் நகர மக்களுக்கு அறிவிக்கின்றான். வீதிகளை அணிசெய்க என்கின்றான். சமய வாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுக என்கின்றான். அத்தோடு நில்லாமல், மாறுபட்டோரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்றும் அறிவிக்கின்றான். வாதத்துக்கு மேடையும் வேண்டும், வாதம் பகையாகாமல் இருக்க விதியும் வேண்டும் என்று நம் முன்னோர் கண்டனர். இன்று நம் பள்ளிகளில் நாம் நடத்தும் பட்டிமன்றம் அப்பட்டிமண்டபத்தின் வழிவந்ததே. மேடையில் எதிரெதிராய் நின்று வாதிட்ட பிள்ளைகள், இறங்கியதும் ஒரே தட்டில் பலகாரம் பகிர்ந்துண்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

திருவள்ளுவரும், யார் சொன்னார் என்பதைப் பாராது, சொன்னதன் உண்மையைக் காண்பதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரத்தில் கற்பிக்கின்றார். நமக்குப் பிடிக்காதவர் சொல்லிலும் உண்மை இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்பவர்க்கே உடன்படாமைக்கு உடன்படுதல் கைகூடும்.

இரு பெருந்தலைவர்கள்

அண்மைக் காலத் தமிழக வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று இராஜாஜியும் பெரியாரும். இராஜாஜி 1878-இல் பிறந்தவர். பெரியார் 1879-இல் பிறந்தவர். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவராகவும் மற்றவர் ஈரோடு நகராட்சித் தலைவராகவும் இருந்த காலத்திலேயே நண்பராயினர். ஒருவர் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர். மற்றவர் கடவுள் மறுப்பாளர். 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இராஜாஜியின் அரசு இந்தியைக் கட்டாயமாக்கியபோது, பெரியார் எதிர்த்துப் போராடிச் சிறை சென்றார். 1953-இல் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கூறிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். தந்தையின் தொழிலையே மகனும் செய்யும் நிலையை அது நிலைநிறுத்தும் என்பது அவர் வாதம். 1954-இல் இராஜாஜி பதவி விலகியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வளவு மாறுபாட்டுக்கு இடையிலும் தனிவாழ்வில் அவர்தம் நட்புக் குன்றவில்லை. 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று அகவையினரான பெரியார் சக்கர நாற்காலியில் வந்து, தம் நண்பருக்காகக் கண்ணீர் வடித்தார். அப்பெரியார் 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கியவர் என்பது இவ்வூரார் அறிய வேண்டிய செய்தி.

இவ்விருவரிடமும் நாம் கற்பது ஒன்றுண்டு. நட்புக்காக இருவரும் வாய்மூடி இருக்கவில்லை. போராட வேண்டியபோது போராடினர். சிறைக்கும் சென்றனர். ஆயினும் கொள்கையை எதிர்த்தனரே அன்றி மனிதரை வெறுத்தாரில்லை.

நம் பினாங்கில்

நம் ஜோர்ஜ் டவுன் நகரமே இத்தொடருக்கு விரிவுரை எனலாம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையிலும் அதனை ஒட்டியும் நடந்து பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அங்கே உளது. குவீன் தெருவில் 1833-இல் தோன்றிய அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம் உளது. சீனர்களின் கருணை அன்னை கோயிலும், புனித ஜோர்ஜ் தேவாலயமும் சில நிமிட நடையில் உள. நான்கு வழிபாட்டிடங்களும் இறைவனைப் பற்றி ஒன்றையே கூறவில்லை. ஆயினும் பல தலைமுறைகளாக ஒன்றன் ஒலியை மற்றொன்று பொறுத்து வாழ்கின்றன. 2008-இல் உலக மரபுச் சின்னமாக இந்நகர் ஏற்கப்பட்டமைக்கு இவ்வாழ்வும் ஒரு காரணம்.

இவ்வமைதி தானே வந்ததன்று. 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இதே தெருக்களில் பெருங்கலகம் மூண்டது. சீனர்களின் கீ ஹின், தோ பே கோங் என்னும் இரு சங்கங்கள் மோதின. மலாய்க்காரரும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்திருந்த வெள்ளைக்கொடி, செங்கொடிச் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் அணிவகுத்தன. ஏறத்தாழப் பத்து நாள் நகரம் நடுங்கியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. அக்கலகத்தில் ஒரு சீனர் மற்றொரு சீனரை எதிர்த்தார். ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமை எதிர்த்தார். எனவே பகை இன வேற்றுமையால் மட்டும் வருவதன்று. ஓர் இனத்தாருக்குள்ளேயும் வரும் என்பதை அது காட்டுகிறது.

நம் காலத்திலும் கருத்து வேற்றுமைகள் இல்லாமல் இல்லை. தைப்பூசத்தில் நகரத்தார் ஆலய வெள்ளி இரதம் செல்வது நெடுநாள் வழக்கம். 2017-ஆம் ஆண்டு முதல் தங்க இரதமும் புறப்படலாயிற்று. இரண்டு இரதம் வேண்டுமா என்று அப்போது மாறுபட்ட கருத்துகள் எழுந்தன. ஆயினும் இரண்டும் சென்றன. அன்பர்கள் இரண்டுக்கும் தேங்காய் உடைத்தனர். முருகன் ஒருவனே என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா என்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் 2008-இல் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் இயற்றினர். 2011-இல் அச்சட்டத்தை நீக்கினர். நம் நாட்டிலும் ஒரே குடும்பத்தில் அண்ணன் தையிலும் தம்பி சித்திரையிலும் வாழ்த்துச் சொல்வதுண்டு. அத்தகைய வீட்டில் உரையாடல் இவ்வாறு அமையலாம்:

"அண்ணே, உங்கள் காரணங்களைக் கேட்டேன். என் மனம் ஒப்பவில்லை."

"சரி தம்பி, உன் காரணங்களும் எனக்கு ஒப்பவில்லை. தையில் நீ என் வீட்டுக்குப் பொங்கல் உண்ண வா. சித்திரையில் நான் உன் வீட்டுக்குப் பாயசம் உண்ண வருகிறேன்."

இதுவே உடன்படாமைக்கு உடன்படுதல். குழந்தைகளுக்கும் இதில் ஆதாயமே, விருந்து இரண்டு!

இத்தொடர் பொருந்தாத இடம்

இனி நாம் கூறப்போவது பெற்றோரும் தொழிலாளப் பெருமக்களும் கருத்தூன்றிக் காணத்தக்கது. எல்லாவற்றிலும் இத்தொடரைக் கையாளலாமா? ஆகாது. வெஸ்லி தம் உரையிலேயே அடிப்படையல்லாத செய்திகளில் என்று வரையறை செய்துள்ளார். அவ்வரையறையை மறந்தால் இத்தொடர் தீமைக்குப் போர்வையாகிவிடும்.

இதற்கும் அவ்விருவர் வாழ்விலேயே சான்று உளது. அமெரிக்காவில் ஜார்ஜியா என்னும் குடியேற்றத்தில் அடிமைமுறை முதலில் தடைசெய்யப்பட்டிருந்தது. அத்தடையை நீக்க வேண்டும் என்று வாதிட்டவருள் விட்ஃபீல்டும் ஒருவர். 1751-இல் தடை நீங்கியது. தாம் நடத்திய அனாதை இல்லத்தின் பொருட்டு அவரே அடிமைகளை வைத்திருந்தார். வெஸ்லியோ 1774-இல் அடிமைமுறையைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். 1791-இல் தாம் இறப்பதற்குச் சில நாள் முன்னர், அடிமை வணிகத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்சுக்கு ஊக்கமளித்து மடல் விடுத்தார். நண்பரைப் போற்றிய அவர், நண்பர் ஆதரித்த தீமையைப் போற்றவில்லை.

ஏன் இவ்வேறுபாடு? சமய வினாவில் இருவர் மாறுபட்டால், இருவரும் தத்தம் வழியில் செல்லலாம், மூன்றாமவர்க்கு இழப்பில்லை. அடிமைமுறையில் இருவர் 'உடன்படாமைக்கு உடன்பட்டு'ப் பேச்சை முடித்துக்கொண்டால், வயலில் விலங்கு பூண்டிருப்பவன் விலங்கு பூண்டே கிடப்பான். அவன் அவ்வுடன்பாட்டில் பங்குகொள்ளவில்லை. ஆதலின், 'நம் மௌனத்துக்கு விலை கொடுப்பவர் யார்?' என்று முதலில் கேட்க வேண்டும். விலை கொடுப்பவர் வேறொருவர் எனில், பேச்சை நிறுத்தும் உரிமை நமக்கில்லை.

நம் வாழ்வில் பொருத்திப் பார்ப்போம். ஆலயத் திருவிழாவில் எந்தக் கலைநிகழ்ச்சி வைப்பது என்பதில் உடன்படாமைக்கு உடன்படலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா நிறுத்துவதா என்பதில் அவ்வாறு உடன்படலாகாது. விலை கொடுப்பது பிள்ளை. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பதில் மாறுபட்டு நண்பராயிருக்கலாம். உழைத்தவர் கூலி முழுதும் தரப்படவில்லை எனில், அதனைக் கருத்து வேற்றுமை என்று விட்டுவிடலாகாது. தந்தையின் குடியால் வீட்டில் அடுப்பு எரியாதபோது, 'அவர் கருத்து அவருக்கு' என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்குதல் அறமன்று.

மற்றொன்றும் உளது. முதன்மையான ஒன்றை அடைவதற்காகவே சிறிய மாறுபாடுகளை ஒதுக்கிவைக்கிறோம். தனித்தனியே இயங்கிய தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954-இல் இணைந்து ஒரே தேசியச் சங்கமாயின. அவ்வாறு இணைந்தோர் அனைவரும் எல்லாவற்றிலும் ஒரே கருத்தினராய் இருந்திருக்க முடியாது. கூலியும் குடியிருப்பும் முதன்மை என்று கண்டதனாலேயே ஒரே கொடியின்கீழ் நின்றனர்.

பயன்படுத்தும் முறை

இத்தொடரைக் கையாள விரும்புவோர் மூன்று படிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, எதிரில் உள்ளவர் கருத்தை முழுவதும் கேட்டு, அதை அவர் ஏற்கும் வகையில் நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கேளாமலே 'மாறுபடுகிறேன்' என்பது பிடிவாதம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் கதையாகும். இரண்டாவது, நம் காரணத்தைக் குரலுயர்த்தாது கூற வேண்டும். மூன்றாவது, முடிவு எட்டாதபோது இருவரும் சேர்ந்தே பேச்சை நிறுத்த வேண்டும். ஒருவர் மட்டும் கதவைச் சாத்திவிட்டுப் போவது உடன்பாடாகாது. நிறுத்தியபின் அதே செய்தியை ஊர்ப்பேச்சாக்குதலும் கூடாது.

1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட நம் ருக்குன் நெகாரா, பல்வகைப் பண்பாட்டு மரபுகளிடத்துத் தாராள மனப்பான்மையை ஒரு குறிக்கோளாகக் கொண்டுள்ளது. ஐந்து கோட்பாடுகளையும் பள்ளித் திடலில் உரக்கச் சொல்லும் நம் மாணவர், அம்மனப்பான்மையைப் பள்ளித் திடலிலேயே பழகத் தொடங்கலாம்.

பயிற்சி

1. பின்வரும் சொற்களின் எதிர்மறையைத் தமிழில் எழுதுக: உடன்படுதல், பொறுத்தல், இணங்குதல், கல்லுதல்.

2. சமரசம், உடன்படாமைக்கு உடன்படுதல் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. கீழ்க்காண்பவற்றுள் எவற்றில் உடன்படாமைக்கு உடன்படலாம், எவற்றில் கூடாது? காரணம் கூறுக: (அ) காற்பந்தில் எந்தக் குழு சிறந்தது என்பது. (ஆ) வகுப்பில் ஒரு சிறுவனைப் பட்டப்பெயர் சூட்டி அழவைப்பது. (இ) தோசைக்குச் சட்டினி ஏற்றதா, சாம்பார் ஏற்றதா என்பது. (ஈ) தங்கையைப் படிக்க வைப்பது.

4. வீட்டில் தாத்தாவிடமோ பாட்டியிடமோ, தாம் பலகாலம் மாறுபட்டும் நட்பு விடாத ஒருவரைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.

நான்காம் பயிற்சியைப் பெற்றோரும் பிள்ளைகளோடு அமர்ந்து செய்வாராக. பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் உறவினர் ஒருவர் பெயர் அப்போது நினைவுக்கு வரக்கூடும். அவர் வீட்டுக்கு ஒரு நாள் சென்று வருதல், இப்பாடத்தை நன்கு கற்றமைக்கு அடையாளமாகும்.